தினம் ஒரு படம்: வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ரிக்கோ ஜிஆர் 3 எப்படி?

வீட்டையும் தோட்டத்தையும் நாளுக்கு ஒரு படமாக எடுத்துவைக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டால், பேச்சு உடனே மெகாபிக்சலுக்கும் ஜூமுக்கும் போய்விடுகிறது. இந்த வேலைக்கு முதலில் பார்க்கவேண்டியது வேறு. ஒரு கையில் பூவாளியோ துவைத்த துணியோ இருக்கும்போது, மறு கையால் கேமராவை எடுத்து, திறந்து, படம் பிடித்து, திரும்பப் பையில் போட முடிகிறதா? ரிக்கோ ஜிஆர் 3-ஐ இந்தக் கேள்வியை வைத்துத்தான் இங்கே அளக்கிறோம். இதில் அது நன்றாகவே தேறுகிறது. ஆனால் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் எவரும் அதன் இரண்டு பலவீனங்களை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

2019 மார்ச்சில் விற்பனைக்கு வந்த கேமரா இது. அகலம் 109 மிமீ, உயரம் 62 மிமீ, தடிமன் 33 மிமீ. பேட்டரியும் கார்டும் சேர்த்து எடை 257 கிராம். இந்தச் சின்ன உடம்புக்குள் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் சில்லு), அதாவது லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்கள் பலவற்றில் இருக்கும் அதே அளவு. 24 மெகாபிக்சல். அணைத்தால் லென்ஸ் உள்ளே மடங்கி, இதழ்கள் தாமாக மூடிக்கொள்ளும். கழற்றித் தொலைக்கத் தனி மூடி கிடையாது. பொத்தானை அழுத்தினால் 0.8 நொடியில் தயாராகிவிடும். நாள்தோறும் படம் எடுப்பவருக்கு இந்த 0.8 நொடி வேறு எந்த எண்ணையும்விட முக்கியம். பூனை ஜன்னலோரம் சோம்பல் முறிப்பதும், தும்பி கொம்பின் நுனியில் உட்காருவதும் அதற்குமேல் காத்திருக்காது.

ஜூம் இல்லை. லென்ஸ் ஒன்றேதான்: குவியத்தூரம் 18.3 மிமீ, எஃப் 2.8. எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது; எண் சிறிதானால் திறப்பு பெரிது. 35 மிமீ ஃபிலிம் கணக்கில் இது 28 மிமீ பார்வை. 3 மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய 3.8 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். அதனால் சமையலறை போன்ற சிறிய இடத்திலும் மேடை, அடுப்பு, நிற்கும் ஆள் எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. விளிம்பில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபடும். கேமராவை மேலோ கீழோ சாய்த்தால் கதவு நிலைகளும் சுவர் மூலைகளும் சரிந்து நிற்கும். முகங்களை நடுப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் மட்டக்கோட்டைப் போட்டுவைத்து, கேமராவைச் சாய்க்காமல் உங்கள் உடம்பைத் தாழ்த்தி உயர்த்தி எடுங்கள். வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் அமெச்சூராகத் தெரிவதற்கு முதல் காரணம் இந்தச் சரிவுதான். மென்பொருளில் பிறகு நிமிர்த்தலாம், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும்.

2021-இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் இதன் உடன்பிறப்பு. உடம்பு கிட்டத்தட்ட அதுவே, லென்ஸ் மட்டும் 40 மிமீ பார்வை. அதே 3 மீட்டரில் 2.7 மீட்டர் அகலம்தான் அடங்கும். வீட்டில் மனிதர்களும் அறைகளும் அதிகம் என்றால் 28; செடிகள், கைவேலை, மேசைமேல் பொருட்கள் அதிகம் என்றால் 40. இரண்டுக்கும் நடுவில் தவிப்பவருக்கு 28-ஐத்தான் பரிந்துரைப்போம். 28-இல் எடுத்ததை 35 மிமீ பார்வைக்கு வெட்ட கேமராவிலேயே வசதி இருக்கிறது, அப்படி வெட்டினாலும் 15 மெகாபிக்சல் மிஞ்சும். 50 மிமீக்கு வெட்டினால் 7 மெகாபிக்சல். ஆல்பம் அச்சுக்கு அதுவும் போதும். அகலத்தைப் பிற்பாடு கூட்ட எந்த வழியும் இல்லை.

வாங்கிய அன்றே செய்யவேண்டிய வேலை, மேல் சக்கரத்திலுள்ள யு1, யு2, யு3 என்ற மூன்று இடங்களை நிரப்புவது. ஒவ்வொன்றிலும் ஒரு முழு அமைப்பைச் சேமித்துவிட்டால், காலையில் சக்கரத்தைத் திருப்புவதோடு யோசனை முடிந்துவிடும். யு1 வீட்டுக்குள் மனிதர்களுக்கு: அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8, தானியங்கி ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியை உணரும் அளவு), உச்சவரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 நொடி. யு2 தோட்டத்துக்கு: எஃப் 8, குறைந்தபட்ச ஷட்டர் 1/500, வெளிச்ச அளவீடு ஹைலைட்டுக்கு (படத்தின் மிகப் பிரகாசமான பகுதிக்கு) முன்னுரிமை தரும் முறையில். யு3 ஒரே இடத்தை நாள்தோறும் பதிவுசெய்ய: மேனுவல் எக்ஸ்போஷர் (படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை நீங்களே அமைப்பது), ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப படத்தின் நிறத்தைச் சரிசெய்வது) 'வெயில்' என்று பூட்டியது.

இந்த எண்களுக்குக் காரணம் இருக்கிறது. பகலில் ஜன்னல் வெளிச்சம் ஓரளவு வரும் அறையில் எஃப் 2.8, 1/125 என்றால் ஐஎஸ்ஓ 800 பக்கம் நிற்கும். இரவில் விளக்கொளியில் 3200. இந்தச் சென்சார் 3200-ஐச் சிரமமில்லாமல் தாங்குகிறது, 6400-இல் நிழல் பகுதிகளில் மணல் தூவியது போலத் தெரியும், ஆனால் தோலின் நிறம் கெடாது. அசையாத பொருளுக்கு 1/125 தேவையே இல்லை. சென்சாரை அசைத்துக் கைநடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு உள்ளே இருக்கிறது, நிறுவனம் சொல்லும் கணக்கு 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பதோ பாதியாவதோ). மூச்சை அடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்தால் 1/8 நொடியிலும் பூச்சாடி தெளிவாக வரும். குழந்தை அசைந்தால் மங்கத்தான் செய்யும். நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு உங்கள் கைக்குத்தான், எதிரில் இருப்பவருக்கு அல்ல.

வீட்டு விளக்குகள் தனிச் சிக்கல். ஜன்னல் வெளிச்சமும் எல்இடி விளக்கும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் சேர்த்துத் திருத்தாது. பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஆளை ஜன்னல் பக்கம் ஒரு அடி நகர்த்துவதே தீர்வு. இரவில் மலிவான எல்இடி துடிக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. இந்தக் கேமராவின் ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால், போன் படங்களில் வரும் கரும்பட்டைகள் பொதுவாக வராது. அதற்குப் பதில், அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்கள் மூன்று வெளிச்சத்தில் வரும். அப்படி வந்தால் கேமரா பழுதில்லை. ஷட்டரை 50 ஹெர்ட்ஸுக்கு 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸுக்கு 1/60 அல்லது 1/120 பக்கம் வைத்தால் அடங்கிவிடும்.

தோட்டத்தில்தான் இந்தக் கேமராவின் அருமை முழுசாகத் தெரிகிறது. சாதாரணமாகவே 10 செமீ வரை நெருங்கலாம். மேக்ரோ என்ற நெருக்கப்பட முறையைப் போட்டால் 6 செமீ. அந்த நெருக்கத்தில் ஏறக்குறைய 67 மிமீ அகலமுள்ள இடம் படத்தை நிரப்பும். 7 மிமீ பொறிவண்டு 600 பிக்சல் அகலத்துக்கு வரும், அதன் முதுகுப் புள்ளிகளை எண்ணலாம். அகலப் பார்வை என்பதால் பூவுக்குப் பின்னால் தோட்டமும் தெரியும். பூ மட்டும் கண்ணெதிரே மிதந்து பின்புலம் கரைந்துபோகும் படங்களைவிட, நாட்குறிப்பு போன்ற வேலைக்கு இது எவ்வளவோ மேல். எந்தச் செடி, எந்தப் பாத்தி, அன்று பக்கத்தில் என்ன பூத்திருந்தது என்று ஐந்து வருடம் கழித்தும் படம் சொல்லும்.

நெருக்கம் கூடக் கூட தெளிவின் ஆழம் குறைந்துவிடும் என்பதைத்தான் புதிதாக வருபவர்கள் கவனிப்பதில்லை. மேக்ரோவின் கடைசி எல்லையில் எஃப் 5.6 வைத்தால் தெளிவாக இருக்கும் பகுதி சுமார் 2.5 மிமீ தடிமன்தான். எஃப் 11 வைத்தாலும் 5 மிமீ. ஆகவே இதழ் முழுவதும் தெளிவாக வேண்டுமென்றால், கேமராவின் முகம் இதழின் பரப்புக்கு இணையாக இருக்கவேண்டும். சாய்த்துப் பிடித்தால் ஒரு கீற்று மட்டுமே தெளியும். ஃபோகஸ் எங்கே விழவேண்டும் என்பதைக் கேமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள். திரையில் மகரந்தத்தைத் தொட்டுக் காட்டுங்கள், பூச்சி என்றால் கண்ணை. தொட்டபின் உங்கள் உடம்பு அரை செமீ முன்னே பின்னே ஆடினாலே போச்சு. மூன்று நான்கு படங்கள் தொடர்ந்து எடுத்து, தெளிந்ததை வைத்துக்கொள்வதே நடைமுறை.

காற்று இன்னொரு எதிரி. கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட 6 செமீ தூரத்தில் பெரிய ஆட்டம். 1/500 வைப்பது அதற்காகத்தான். மேகமூட்டமான நாளில் எஃப் 8, 1/500 என்றால் ஐஎஸ்ஓ 800 அளவில் நிற்கும், தரத்தில் குறை தெரியாது. தண்டைச் சட்டத்துக்கு வெளியே ஒரு குச்சியில் துணிக் கவ்வியால் பிடித்துவைப்பது இன்னும் உறுதி. கவ்வி தண்டை நசுக்காமல் நடுவில் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். இவ்வளவு நெருங்கும்போது கேமராவின் நிழலே பூவின்மேல் விழும் என்பதையும் மறக்கக்கூடாது. வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் நிழல் தப்பாது. பக்கவாட்டு வெயிலுக்கோ எதிர்வெயிலுக்கோ நகருங்கள். எதிர்வெயிலில் இலை நரம்புகள் ஒளிவிட்டு நிற்கும், அது இந்த லென்ஸ் அழகாகக் காட்டும் காட்சிகளில் ஒன்று. 12 செமீ வரை நெருங்கும் 3எக்ஸில் நிழல் தொல்லை குறைவு.

மேக்ரோவை அணைக்க மறப்பதும் நேர்கிறது. மேக்ரோவில் கேமரா 6 முதல் 12 செமீ வரைதான் தேடும். அதே நிலையில் திரும்பி வாசலைப் படம் எடுத்தால் முழுவதும் மங்கல். திரையில் பூச்சின்னம் இருக்கிறதா என்று பார்ப்பதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை சிவப்புப் பூக்கள்தான் பெரும் சோதனை. செம்பருத்தியோ சிவப்பு ரோஜாவோ எடுத்தால், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும்; இதழின் மடிப்புகள் மறைந்து காகிதம் வெட்டி ஒட்டியது போலாகிவிடும். எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறைத்து எடுங்கள், ரா கோப்பையும் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) சேர்த்துச் சேமியுங்கள். வெள்ளைப் பூவுக்கும் இதே குறைப்பு பொருந்தும், ஹைலைட் அளவீடு இருந்தால் கேமராவே பாதியைக் கவனித்துக்கொள்ளும். 'பாசிட்டிவ் ஃபிலிம்' என்ற நிற அமைப்பு பலருக்குப் பிடித்தது. மாலை வெயிலில் சுவரும் மரப்பலகையும் அதில் மனசை நிறைக்கும். ஆனால் இலைப் பச்சையைக் கொஞ்சம் இறுக்கிக் காட்டும். செடியின் நோயையோ சத்துக்குறைவையோ பதிவுசெய்ய 'ஸ்டாண்டர்ட்' அமைப்பே நம்பகமானது. ரா இருந்தால் கேமராவுக்குள்ளேயே பிறகு மாற்றி எடுக்கலாம்.

உச்சிவெயிலில் எஃப் 2.8-இல் படம் வெளிறிப்போனால் குழம்ப வேண்டாம். லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது இந்த ஷட்டரின் வேக எல்லை 1/2500. முழு வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100-இலும் 1/4000 தேவைப்படும். உள்ளேயே இருக்கும், ஒளியைக் குறைக்கும் 2 ஸ்டாப் என்டி ஃபில்டரைப் போட்டால் 1/1000-க்கு இறங்கிவிடும், அல்லது எஃப் 5.6-க்கு மூடுங்கள்.

வேகமாக ஓடும் குழந்தைகளுக்கும் நாய்க்குட்டிக்கும் இந்தக் கேமராவின் ஆட்டோஃபோகஸ் போதாது. மங்கலான அறையில் முன்னும் பின்னும் தேடித் திணறும். இதை மறைக்க ஒன்றுமில்லை. இதற்கு மாற்றாக 'ஸ்னாப்' என்ற வசதி இருக்கிறது: ஷட்டரை ஒரே மூச்சில் முழுதாக அழுத்தினால், ஃபோகஸ் தேடாமல் நீங்கள் முன்கூட்டியே சொன்ன தூரத்தில் படம் எடுத்துவிடும். தூரம் 1.5 மீட்டர், எஃப் 5.6 என்று வைத்தால் 1 மீட்டர் முதல் 3 மீட்டர் வரை தெளிவு. வீட்டுக்குள் பெரும்பாலான காட்சிகள் இந்த எல்லைக்குள் அடங்கும். வெளியே 2 மீட்டர், எஃப் 8 என்றால் 1 மீட்டரிலிருந்து தோட்டத்தின் கடைசி வேலி வரை தெளிவாக வரும். திரையைப் பார்க்காமல் இடுப்பு உயரத்திலிருந்தே எடுக்கலாம். ஜிஆர் 3-ஐ வாங்கி இந்த வசதியைத் தொடாமல் வைத்திருப்பது பெரிய இழப்பு.

யு3-க்கு வருவோம். ஒரே பாத்தியை, ஒரே மரத்தை வருடம் முழுவதும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்க விரும்பினால், வெளிச்சத்தைவிட இடம்தான் மாறாமல் இருக்கவேண்டும். தரையில் ஒரு செங்கல்லைப் பதித்து, அதன்மேல் நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைபாட் என்றால் மூன்று கால்களுக்கும் மூன்று அடையாளம், கழுத்துத் தண்டின் உயரத்துக்கு ஒரு டேப். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, அசையாத ஏதோ ஒன்றை, வேலித்தூணோ ஜன்னல் மூலையோ, ஒரே குறுக்குவெட்டில் நிறுத்துங்கள். வளரும் செடியைக் குறியாக வைத்தால் சட்டம் மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் இலைகள் மஞ்சளாகும்போது கேமரா அதைத் 'திருத்தி' நீலம் கூட்டும், பருவமாற்றமே படத்தில் தெரியாமல் போகும். அதனால்தான் பூட்டச் சொன்னோம். வெயில், மேகம் என்று நாளுக்கு நாள் எக்ஸ்போஷர் மாறவேண்டியிருக்கும். அப்பர்ச்சரை அசைக்காமல் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள், அப்போதுதான் தெளிவின் ஆழம் எல்லாப் படத்திலும் ஒன்றாக இருக்கும்.

இனி அந்த இரண்டு பலவீனங்கள். முதலாவது தூசி. லென்ஸ் நீண்டு மடங்கும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு நூல்துகளும் மகரந்தமும் புழுதியும் போகும். லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் சென்சாரில் ஒட்டியதை நீங்கள் துடைக்க முடியாது; சர்வீஸுக்குத்தான் அனுப்பவேண்டும். சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு இருக்கிறது, கேமராவை இயக்கும்போதெல்லாம் அது வேலைசெய்யும்படி மெனுவில் போட்டுவையுங்கள். ஒட்டும் தன்மையுள்ள மகரந்தத்தை அது முழுசாக உதறும் என்று நம்பவேண்டாம். சட்டைப்பையில் வெறுமனே போடாமல், நூல் உதிராத மெல்லிய உறையில் போட்டுவையுங்கள். மண் கொத்தும்போதும், காய்ந்த இலை கூட்டும்போதும், மருந்து தெளிக்கும்போதும் லென்ஸைத் திறக்காதீர்கள். துகள் விழுந்துவிட்டாலும் இலைக்கூட்டத்தில் தெரியாது; வானம், வெற்றுச் சுவர் போன்ற இடங்களில், அதுவும் எஃப் 11-க்கு மேல் மூடும்போதுதான் கரும்புள்ளியாகத் தெரியும். சர்வீஸுக்கு அனுப்பும்வரை எஃப் 5.6-க்குள் ஓட்டிக்கொள்ளலாம்.

நீரும் அப்படியே. மழைக்காப்பு இல்லை, ஒரு தூறலுக்குக்கூட. தண்ணீர்க்குழாயின் சாரலுக்குப் பக்கத்தில் வேண்டாம். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்குப் போனால் லென்ஸில் ஆவி படியும்; உறைக்குள்ளேயே 20 நிமிடம் வைத்திருந்து பிறகு திறங்கள்.

இரண்டாவது பேட்டரி. ஒரு முழு சார்ஜுக்கு 200 படங்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. நாளுக்கு ஏழெட்டுப் படங்கள் எடுப்பவருக்கு இது தடையே இல்லை, வாரம் ஒருமுறை யுஎஸ்பி-சி கம்பியில் கேமராவோடு சேர்த்தே சார்ஜ் செய்யலாம். விசேஷ நாளில் வீடு நிறைய ஆட்கள் இருந்தால் இரண்டாவது பேட்டரி கட்டாயம். அணைத்தபின்னும் ப்ளூடூத் இணைந்திருக்கும்படி விட்டால் பேட்டரி கரையும். தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். பேட்டரி நீண்டநாள் தீர்ந்து கிடந்தால் கடிகாரம் அழிந்துவிட வாய்ப்புண்டு. நாட்பதிவுக்குத் தேதிதான் உயிர், ஆகவே அப்படிக் கிடந்த கேமராவில் முதல் படத்துக்கு முன் தேதியைச் சரிபாருங்கள்.

படங்களைச் சேர்ப்பது எளிது. 2 ஜிபி உள்நினைவகம் இருப்பதால் கார்டு மறந்த அன்றும் படம் தவறாது. ரா கோப்பு ஒன்று சுமார் 30 எம்பி என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்று வீதம் வருடத்துக்கு 11 ஜிபி, ஐந்து வைத்துக்கொண்டால் 55 ஜிபி. பெயரை வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில் கொடுங்கள்: 2025-03-09. நாளை முன்னால் போட்டால் கணினி எல்லா மாதங்களின் ஒன்றாம் தேதிகளையும் சேர்த்து அடுக்கிவிடும். போனுக்கு அனுப்பும் செயலி வேலைசெய்யும், வேகம் சுமார். கம்பியில் இணைத்து எடுப்பதே விரைவு.

வியூஃபைண்டர் இல்லை, ஃபிளாஷ் இல்லை, திரை சாயாது. வெயிலில் திரை தெரியாமல் போனால், திரை வெளிச்சத்தை வெளிப்புறத்துக்கு ஏற்றும் அமைப்பு இருக்கிறது. ஒரு பொத்தானில் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். தரையோடு தரையாக முளையை எடுக்கும்போது சாயாத திரை உண்மையிலேயே வதைக்கும். வீடியோ 1080பி வரைதான். வீடியோ முக்கியம் என்றாலோ, எடுத்த நொடியே குடும்பத்தாருக்கு அனுப்பவேண்டும் என்றாலோ, மழையிலும் எடுப்பேன் என்றாலோ, கையிலிருக்கும் போனே பொருத்தம். நிழலில் நிற்கும் பச்சையின் நுணுக்கமும், இரவு விளக்கில் முகத்தின் இயல்பான தோற்றமும் வேண்டுமென்றால் போன் இதன் அருகில் வராது.

2025-இல் ஜிஆர் 4 வந்துவிட்டது. உள்நினைவகம் 53 ஜிபி. அதனால் ஜிஆர் 3 கைமாறி வருவது கூடியிருக்கும். பழையதை வாங்குவதானால் விற்பவர் முன்னிலையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: எஃப் 16, ஃபோகஸ் முடிவிலி, வெற்று வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படம் எடுத்து, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். ஓரம் மங்கிய சாம்பல் வட்டங்கள் தெரிந்தால் சென்சாரில் தூசி. பிறகு பத்து முறை இயக்கி அணையுங்கள். லென்ஸ் தயங்காமல், உரசும் சத்தமின்றி வந்துபோகிறதா, இதழ்கள் முழுதாக மூடுகின்றனவா என்று கவனியுங்கள். கடைசியாக மேக்ரோவைப் போட்டு ஏதேனும் அச்செழுத்தை 6 செமீயில் எடுங்கள். நடுவிலுள்ள எழுத்து கூர்மையாக வந்தால் வாங்கலாம்.